கச்சானில் தண்ணீர், மாரியில் பட்டினி: உப்புவெளியில் ஒரு உருண்டைக் கள்ளி

பாலைநிலச் செடி ஒன்றைத் திருகோணமலையில் வளர்க்கிறேன் என்று சொன்னால் கேட்பவர்கள் அநேகமாக ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: "இங்க எறிக்கிற வெயிலுக்கு அது நல்லா வரும்." வெயில் விஷயத்தில் அவர்கள் சொல்வது சரி. மழை எந்த மாதத்தில் வருகிறது என்பதை மட்டும் கணக்கில் எடுக்க மறந்துவிடுகிறார்கள். யூபோர்பியா ஒபேசா என்ற குட்டையான உருண்டைக் கள்ளியைப் பல வருடமாக உப்புவெளியில் வளர்த்து வருகிறேன். இந்த ஊரில் அதை வளர்க்க நினைப்பவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது ஒன்றுதான். கச்சான் என்ற வறண்ட தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் அதற்குத் தண்ணீர் கொடுங்கள், மாரியில் பட்டினி போடுங்கள். நம்முடைய வானம் செய்வதற்கு நேர் எதிராக நாம் செய்ய வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இது நம் சதுரக்கள்ளியின் இனம். குச்சவெளிப் பக்கம் பற்றைக்குள் ஆளுயரத்துக்கு மேல் முள்ளோடு நிற்கும் சதுரக்கள்ளியைப் பார்த்தவர்களிடம் இது அதற்குச் சொந்தம் என்றால் நம்பமாட்டார்கள். இதில் முள் கிடையாது, சாதாரணமாகக் கிளையும் விடாது. இலை என்று சொல்லக்கூடியது உச்சியில் புள்ளியளவில் தோன்றி உதிர்ந்துவிடும். மிஞ்சுவது ஒரே ஒரு உருண்டைத் தண்டு. அதில் பெரும்பாலும் எட்டு மேடுகள் உச்சியிலிருந்து அடிவரை இறங்கும். நிறம் சாம்பல் கலந்த பச்சை, குறுக்கே மங்கிய ஊதா வரிகள். ஒவ்வொரு மேட்டின் முதுகிலும் பழுப்புப் புள்ளிகள் கிரிக்கெட் பந்தின் தையல் மாதிரி ஒழுங்காக வரிசை பிடித்து நிற்கும். பூ வந்து உதிர்ந்த தழும்புகள் அங்கேதான் இருக்கும். வயது போகப்போக உருண்டை மெல்ல நீண்டு குட்டைத் தூணாகும். உயரம் 20 சென்ரிமீற்றர் வந்தால் அதுவே நல்ல வயதான செடி. குறுக்களவு 9 சென்ரிமீற்றரைத் தாண்டுவது அரிது. காலை வெயில் சாய்வாக விழும்போது அந்த ஊதா வரிகள் தெளிந்து வருவதைப் பார்த்தால், இதற்காக மனிதர்கள் ஏன் இவ்வளவு ஆசைப்பட்டார்கள் என்பது விளங்கும்.

அந்த ஆசைதான் இதற்குக் கேடாகவும் முடிந்தது. தென்னாபிரிக்காவின் கிழக்குக் கேப் மாகாணத்தில் பெரிய கரூ என்று ஒரு வறண்ட நிலம் இருக்கிறது. அதில் கென்ட்ரூ என்ற சிற்றூரைச் சுற்றியுள்ள சின்னப் பகுதிதான் இந்தச் செடியின் சொந்த இடம். உலகில் வேறெங்கும் இது தானாக முளைப்பதில்லை. லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்தின் ஜோசப் டால்டன் ஹூக்கர் 1903இல் இதற்குப் பெயர் வைத்து விவரித்தார். அதற்கும் முன்பே, 1890களின் கடைசியிலேயே, ஆட்கள் இதைத் தோண்டித் தோண்டி ஐரோப்பாவுக்கு ஏற்றியிருக்கிறார்கள். அழியும் ஆபத்திலுள்ள இனம் என்றுதான் இன்றைக்கும் பட்டியலில் நிற்கிறது. சதைப்பற்றான யூபோர்பியாக்களில் பெரும்பாலானவற்றைப் போல இதுவும், ஆபத்திலுள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பில் இருக்கிறது. அதாவது உரிய பத்திரங்கள் இல்லாமல் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. இலங்கைக்கு எந்தச் செடியைக் கொண்டுவருவதென்றாலும் விவசாயத் திணைக்களத்தின் தாவரத் தொற்றுத்தடுப்புச் சேவையின் அனுமதியும் வேண்டும்.

இத்தனை கெடுபிடிக்கு நடுவிலும் இந்தச் செடியை மனச்சாட்சி உறுத்தாமல் வளர்க்க ஒரு வழி இருக்கிறது: விதை. ஒபேசா விதையிலிருந்து நன்றாகவே வரும். உலகம் முழுக்க நாற்றுமேடைகளில் இன்று வளர்பவை விதைச் செடிகள்தான். காட்டில் மிஞ்சியிருப்பதைவிடச் சாடிகளில் இருப்பவை பல மடங்கு அதிகம். என்னுடையவையும் கொழும்பில் ஒருவர் தன் சொந்தச் செடிகளிலிருந்து எடுத்துக் கொடுத்த விதைகளில் முளைத்தவை. யாராவது உங்களுக்கு வளர்ந்த செடி விற்க வந்தால் நன்றாக உற்றுப் பாருங்கள். அடிப்பக்கம் தக்கைபோல் தடித்து, உடம்பில் பழைய காயங்களும் கல் உரசிய வடுக்களும் இருந்து, ஆணிவேர் அறுபட்டிருந்தால் அது காட்டிலிருந்து வந்ததாக இருக்கக்கூடும். எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் அதை வாங்கவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம். இந்த விஷயத்தில் எனக்குச் சமரசம் கிடையாது.

சரி, வானத்துக்கு வருவோம். கென்ட்ரூ பக்கத்தில் ஆண்டு முழுக்கப் பெய்யும் மழை 200 முதல் 300 மில்லிமீற்றர்வரைதான். அதிலும் பெரும்பகுதி அங்கத்தைய கோடையில் பெய்கிறது. குளிர்காலத்தில் நிலம் காய்ந்து கிடக்கும், இரவில் உறைபனிகூட விழும். அங்கே சூடும் ஈரமும் ஒன்றாக வருகின்றன, குளிரும் வறட்சியும் ஒன்றாக வருகின்றன. செடி பழகியிருப்பது அந்தத் தாளத்துக்கு.

திருகோணமலையில் நடப்பது என்ன? ஆண்டு மழை ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர். அதில் நவம்பர், டிசம்பர் இரண்டு மாதங்களில் மட்டும் 650 மில்லிமீற்றருக்கு மேல் கொட்டிவிடுகிறது. அதாவது கரூவில் இரண்டு மூன்று வருடத்தில் பெய்வதை நாம் இரண்டு மாதத்தில் வாங்குகிறோம். அதே மாதங்கள்தான் நமக்கு மூட்டமான, கொஞ்சம் குளிரான மாதங்களும். பிறகு வைகாசி தொடக்கம் ஆவணி மட்டும் கச்சான். தென்மேற்கிலிருந்து வரும் அந்தக் காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவிலே தன் ஈரத்தையெல்லாம் இறக்கி வைத்துவிட்டு, இந்தப் பக்கம் இறங்கும்போது காய்ந்து சூடேறி வருகிறது. வெயிலோ 35 பாகையைத் தொடும். ஆக இங்கே சூட்டோடு வறட்சி வருகிறது, குளிர்ச்சியோடு ஈரம் வருகிறது. செடி வளரத் துடிக்கும் நேரத்தில் தண்ணீர் இல்லை. அது ஓய்வெடுக்கும் நேரத்தில் காலடியில் வெள்ளம்.

"பாலைவனச் செடிதானே, கோடையில் தாங்கும்" என்று கச்சானில் விட்டுவிட்டு, மாரியில் முற்றத்திலேயே வைத்திருப்பவர்கள் செடியை இரண்டு பக்கமும் வருத்துகிறார்கள். இந்த ஊரில் சதைப்பற்றுச் செடிகள் சாவதற்கு இதைவிடப் பெரிய காரணத்தை நான் கண்டதில்லை.

கச்சான் காலத்தில் நான் செய்வதைச் சொல்கிறேன். மண் அடிவரை காய்ந்த பிறகு, துவாரத்தால் வழிந்தோடும்வரை நிறையத் தண்ணீர் விடுவேன். திரும்பவும் முழுக்கக் காயவிடுவேன். மட்சாடியில் கடும் கச்சான் நாட்களில் அது ஒரு கிழமைக்குள்ளேயே காய்ந்துவிடும், பிளாஸ்ரிக் சாடியில் இன்னும் நாள் எடுக்கும். எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று பலர் கேட்கிறார்கள். நாள்கணக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். ஈர்க்குக்குச்சி ஒன்றைச் சாடியின் ஓரமாக அடிவரை செருகிச் சற்று நேரம் கழித்து உருவுங்கள். குச்சியில் ஈரமோ ஒட்டிய மண்ணோ இருந்தால் இன்னும் பொறுக்கலாம். செடியும் தன் பாட்டுக்குச் சொல்லும். தாகம் வந்தால் மேடுகளுக்கு இடையிலுள்ள பள்ளம் ஆழமாகும், அடிப்பக்கத்தில் மெல்லிய சுருக்கம் விழும். தண்ணீர் விட்ட ஓரிரு நாளில் அது நிமிர்ந்து இறுகிவிடும். தண்ணீர் விடுவது பொழுது சாய்ந்து சாடி ஆறிய பிறகுதான். நடுப்பகலில் சுட்டுக் கிடக்கும் சாடிக்குள் தண்ணீர் விட்டால் வேர் அவிந்துபோகும். இன்னொரு காரணமும் உண்டு. இந்த மாதிரிச் செடிகள் பகலில் மூச்சுத்துளைகளை மூடிக்கொண்டு இரவில்தான் திறக்கின்றன, நீர் வீணாகாமல் இருக்க. அவற்றின் வேலைநேரம் இரவு.

வெயிலைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. கரூவில் ஒபேசா எப்போதும் வெட்டவெளியில் நின்று வெயில் காய்வதில்லை. கற்களுக்கு இடையிலும் குட்டைப் பற்றைகளின் அரைநிழலிலும் ஒளிந்து வளர்வதும் உண்டு. அந்த வரிகளும் நிறமும் கற்களோடு கற்களாகத் தெரிவதற்குத்தான் உதவுகின்றன. என் சாடிகளுக்குக் காலை வெயில் பத்து மணி மட்டும் நேராக விழும், அதற்குப் பிறகு நிழல்வலை. விறாந்தைக்குள் நிழலில் இருந்த செடியை ஒரேயடியாக முற்றத்து வெயிலுக்கு மாற்றினால் வெயில் படும் பக்கம் பழுப்பாக வெந்துவிடும். அந்தத் தழும்பு பிறகு மாறவே மாறாது, ஏனென்றால் உதிர்ந்து புதிதாக வர இதற்கு இலை இல்லை. உடம்பேதான் இலை. ஒரு கிழமை, இரண்டு கிழமை எடுத்து மெல்ல மெல்ல நகர்த்துங்கள். கறுப்பு பிளாஸ்ரிக் சாடிகளை நேர்வெயிலில் வைக்கவே வேண்டாம். மட்சாடி ஒன்றை அதைவிடப் பெரிய இன்னொரு சாடிக்குள் இறக்கி, இடைவெளியில் ஆற்று மணலை நிரப்பிவிட்டால் வேர்ப்பகுதி நன்றாகக் குளிர்ந்திருக்கும். கச்சானில் இது கைகண்ட வழி.

மண்கலவையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளிநாட்டு ஆட்கள் சொல்லும் எரிமலைக் கல்லும் பேர்லைட்டும் இங்கே தேடிப் பிடித்து வாங்குவதென்றால் காசு கரைந்துவிடும். அவை இல்லாமலே அருமையாக வளர்க்கலாம். வீடு கட்டும் இடங்களில் மிஞ்சும் மிகச் சின்னக் கருங்கல் சல்லி, உடைந்த கூரை ஓட்டையும் செங்கல்லையும் இடித்த துண்டுகள், பருமனான ஆற்று மணல் மூன்றும் சேர்ந்து முக்கால் பங்கு. மிச்சக் கால் பங்கில் கரித்த உமியும் நன்றாக மக்கிய கூட்டெருவும். எல்லாவற்றையும் அரிதட்டில் அரித்துத் தூசியைக் கழித்துவிட வேண்டும். இந்த ஒரு வேலையில் சோம்பல் கூடாது. மணலின் நுண்தூசிதான் மாரியில் சேறாகி வேரை மூச்சுத்திணற வைக்கும். அரித்தெடுத்த மணலை வாளியில் போட்டுத் தண்ணீர் தெளியும்வரை கழுவுங்கள். ஓட்டுத்துண்டுகள் கொஞ்சம் ஈரத்தை உள்ளே பிடித்து வைத்து மெல்ல விடும், அதனால் கச்சானிலும் வேர் ஒரேயடியாகக் காயாது. தும்புத்தூளை நான் சேர்ப்பதில்லை. முழுக்கக் காய்ந்தால் திரும்ப நனைவது கஷ்டம், முழுக்க நனைந்தால் காய்வது கஷ்டம்.

கடல்மணல் வேண்டவே வேண்டாம். நிலாவெளி மணல் கண்ணுக்கு எவ்வளவு அழகாக இருந்தாலும் உப்பு உப்புத்தான்.

உப்பு தண்ணீராலும் வரும். கரையோரக் கிணறுகள் பலவற்றில் கோடை முற்றும்போது தண்ணீர் சவர்க்கத் தொடங்கும். அந்தத் தண்ணீரையே விட்டுக்கொண்டிருந்தால் மட்சாடியின் வெளிப்புறத்தில் வெள்ளைப் படலம் பூக்கும். வேர்முனைகள் கருகும், செடி தண்ணீர் குடித்தும் சுருங்கியே இருக்கும். கந்தளாய்க் குளத்திலிருந்து வரும் குழாய்த் தண்ணீர் பரவாயில்லை. மாரியில் கூரையிலிருந்து பிடித்து மூடி வைத்த மழைத்தண்ணீர் அதைவிட நல்லது. கொசு புகாமல் துணியால் வாய் கட்டி வைத்தால் கச்சான் வரைக்கும் வரும். கிணற்றுத் தண்ணீரைத் தவிர வேறு வழி இல்லையென்றால் மாதத்துக்கு ஒருமுறையாவது குழாய்த் தண்ணீரையோ மழைத்தண்ணீரையோ நிறைய விட்டு உப்பைக் கழுவி இறக்குங்கள்.

இனி மாரி. ஐப்பசி பிறக்கும்போதே நான் தண்ணீரைக் குறைத்துவிடுவேன். என் அம்மாவுக்குக் கலண்டர் தேவைப்படுவதில்லை. பின்னேரத்தில் முற்றத்தில் நின்று ஒருதரம் வானத்தைப் பார்த்துவிட்டு, "காத்து மாறிட்டுது, உன்ர சாடியளை உள்ளுக்கு எடு" என்பார். அநேகமாக அவர் சொல்லி இரண்டு மூன்று நாளில் முதல் பெருமழை இறங்கிவிடும். வாடைக்காற்றோடு வரும் மழை நேராக விழாது, வடகிழக்கிலிருந்து சாய்ந்து அடிக்கும். ஆகவே மேலே கூரை மட்டும் போதாது. என் செடிகள் இருக்கும் தட்டுக்கு மேலே ஒளி புகும் ஃபைபர் தகடு, வடகிழக்குப் பக்கம் மதில், மற்ற இரண்டு பக்கமும் திறந்தவெளி. அந்தத் திறப்பு மிக முக்கியம். மழைக்குப் பயந்து பொலித்தீனால் நாலாபக்கமும் மூடிக் கட்டினால் உள்ளே புழுங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். காற்று ஓட வேண்டும், தண்ணீர் விழக்கூடாது. 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரேவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையைக் கடந்தபோது மட்டும் எல்லாச் சாடிகளையும் அறைக்குள் கொண்டுபோய்க் கட்டிலுக்குக் கீழே அடுக்கி வைத்தோம். ஒன்றிரண்டு நாள் இருட்டில் இருப்பதால் இந்தச் செடிக்கு எந்தக் குறையும் வராது.

கார்த்திகை, மார்கழி முழுக்க வளர்ந்த செடிகளுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விடுவதில்லை. உடம்பில் சேமித்து வைத்திருக்கும் நீரே அவற்றைத் தாங்கும். கொஞ்சம் வாடினமாதிரித் தெரியும், பதறாதீர்கள். மூதூரில் இருக்கும் நண்பர் ஒருவரின் செடி மிக அழகானது, என்னுடையவற்றைவிட மூத்தது. மார்கழியில் அது சுருங்கியதைப் பார்த்து வீட்டில் யாரோ இரக்கப்பட்டுக் கிழமைக்கு ஒருதரம் தண்ணீர் விட்டிருக்கிறார்கள். பொங்கலுக்கு நான் போனபோது மேலே பார்க்க ஒரு குறையும் இல்லை, நிறம்கூட மாறவில்லை. விரலால் தொட்டதும் அடியில் ஒரு பக்கம் உள்ளே போனது. மண்ணிலிருந்து தூக்கியபோது வேர் என்று எதுவுமே வரவில்லை. அடிப்பகுதி பழுப்பாகி, புளித்த வாடை அடித்தது.

அன்று அதை வெட்டிக் காட்டியபோது அவர் கேட்டார், தாகத்தால் வரும் சுருக்கத்தையும் அழுகலையும் எப்படிப் பிரித்தறிவது என்று. தாகம் என்றால் சுருக்கம் சுற்றிவர ஒரே மாதிரி இருக்கும், அழுத்தினால் முழு உடம்பும் இலேசாக நெகிழும், நிறம் மாறாது. அழுகல் ஒரு பக்கத்தில்தான் தொடங்கும், பெரும்பாலும் மண்ணைத் தொடும் இடத்தில். அங்கே நிறம் மங்கி நீர்கோத்தமாதிரி இருக்கும், தொட்டால் அந்த இடம் மட்டும் அமுங்கும். ஆரம்பத்திலேயே கண்டால் கூரான கத்தியைச் சுத்தமாக்கி, நல்ல வெளிர்ப்பச்சைச் சதை வரும்வரை சீவ வேண்டும். வெட்டிய இடத்தில் ஒரு பழுப்புப் புள்ளிகூட மிஞ்சக்கூடாது. தண்ணீரால் பாலைக் கழுவி நிறுத்தி, கரித்தூள் பூசி, நிழலில் சில கிழமை காயவிட்டு, பிறகு காய்ந்த சல்லியின் மேல் வைத்தால் சிலது வேர்விடும். எல்லாம் பிழைக்காது. அவருடையது பிழைக்கவில்லை.

பால் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். கள்ளிப்பால் பற்றி நம் ஊர்களில் யாருக்கும் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. ஆனால் இந்தச் செடிக்கு முள் இல்லாததால் பிள்ளைகள் விளையாட்டாக எடுத்துவிடுவார்கள். இதன் பாலும் தோலை எரிக்கும், கண்ணில் பட்டால் கடுமையான அழற்சி வரும். வெட்டும்போது கையுறையும் கண்ணாடியும் போடுங்கள். கண்ணில் பட்டுவிட்டால் நிறையத் தண்ணீரால் விடாமல் கழுவிக்கொண்டே வைத்தியசாலைக்குப் போங்கள். சாடிகளை இடுப்புயரத்துக்கு மேல் வைத்தால் பிள்ளைகளுக்கும் நல்லது, செடிகளுக்கும் நல்லது. நகரத்துக்குள் மான்கள் திரியும் பக்கம் இருப்பவர்களுக்கு இது இன்னும் பொருந்தும், மான் தின்னாவிட்டாலும் தட்டி விழுத்திவிடும்.

பூச்சிகளில் இரண்டுதான் பெரிய தொல்லை. கச்சானில் சிவப்புச் சிலந்திப்பூச்சி வரும். கண்ணுக்குத் தெரிவதே கஷ்டம், உச்சியைச் சுற்றி மண்ணிறமாகச் சொரசொரப்புப் படர்வதை வைத்துத்தான் பிடிக்கலாம். வாரம் ஒருமுறை மாலையில் தண்ணீரால் உடம்பைக் கழுவிவிட்டால் பெருகாது. இரண்டாவது மாவுப்பூச்சி. மேடுகளின் இடையிலும் வேரிலும் ஒளிந்திருக்கும். சாடியைச் சுற்றி எறும்பு ஓடத் தொடங்கினால் மாவுப்பூச்சியைத் தேடுங்கள். மருந்துக்கடைச் சத்திரசிகிச்சை ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் துடைத்தால் போதும். வேப்பெண்ணெய் அடிப்பதானால் மாலையில் அடித்து, அடுத்த சில நாள் நேர்வெயில் படாமல் வைக்க வேண்டும். எண்ணெயோடு வெயில் சேர்ந்தால் தோல் வெந்துவிடும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி பூவும் விதையும்தான். ஒபேசாவில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. நாற்றாக இருக்கும்போது எது எது என்று யாராலும் சொல்ல முடியாது. சில வருடம் பொறுத்திருந்து, முதல் பூ வந்த பிறகுதான் தெரியும். பூ என்றால் கண்ணைப் பறிக்கும் பூ இல்லை, உச்சிக்குப் பக்கத்தில் மேடுகளின் மேல் அரிசியளவில் வரும். உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். ஆண் பூவின் நடுவிலிருந்து மஞ்சள் மகரந்தம் தூவியபடி கேசரங்கள் நீட்டிக்கொண்டிருக்கும். பெண் பூவில் நடுவே ஒரு சின்னக் குமிழும் அதன் நுனியில் மூன்றாகப் பிரிந்த சூல்முடியும் இருக்கும். காலையில் வெயில் ஏறிய பிறகு, ஓவியத் தூரிகையின் மெல்லிய நுனியால் ஆண் பூவைத் தொட்டுப் பெண் பூவின் அந்த மூன்று கிளையிலும் தடவிவிடுங்கள். சில நாள் தொடர்ந்து செய்வது நல்லது. பிடித்துவிட்டால் குமிழ் பருத்து மூன்று அறையுள்ள சின்னக் காயாகும், அறைக்கு ஒரு விதை.

காய் முற்றியதும் வெடிக்கும், உண்மையிலேயே சத்தத்தோடு. விதை விறாந்தையின் அடுத்த மூலைக்குப் போய் விழும். அதனால் காய் பருக்கும்போதே செடியின் தலையில் பழைய நுளம்புவலைத் துண்டொன்றைப் போட்டுக் கட்டிவிட வேண்டும். வேறு யூபோர்பியாக்கள் பக்கத்தில் பூத்திருந்தால் அவற்றைத் தள்ளி வையுங்கள். முக்கியமாக மெலோபோர்மிஸ். இரண்டும் சுலபமாகக் கலந்துவிடும், பிறகு வரும் நாற்று ஒபேசாவும் ஆகாது, அதுவும் ஆகாது. சொந்த மண்ணில் இவ்வளவு குறைந்துபோன ஒரு செடியின் கலப்பில்லாத விதையைக் காப்பாற்றி வைப்பது வளர்ப்பவர்களின் பொறுப்பு என்று நினைக்கிறேன்.

விதைக்க இந்த ஊரில் நல்ல காலம் மாசி, பங்குனி. மாரி ஓய்ந்திருக்கும், கச்சான் இன்னும் தொடங்கியிராது, இரவும் பகலும் 25 முதல் 30 பாகை வரைக்குள் கிடைக்கும். வெளிநாடுகளில் இதற்காகச் சூடாக்கும் தட்டுகள் வைக்கிறார்கள், நமக்கு அது இலவசம். விதைக்கும் பாத்திரமும் இலவசம்தான். தம்பலகாமத்துத் தயிர் வாங்கிய வெறும் சட்டியை நன்றாகக் கழுவி, ஒரு நாள் தண்ணீரில் ஊறப்போட்டு, அடியில் மெதுவாகத் துளை போட்டால் ஆழம் குறைந்த அருமையான நாற்றுச்சாடி. ஊறாத சட்டியில் துளைபோட்டால் கீறிவிடும். அதே கலவையை இன்னும் பொடியாக அரித்து, கொதிநீர் ஊற்றி ஆறவைத்து, விதையை மேலே வைத்து, விதை மறையும் அளவுக்குமட்டும் பருமணல் தூவுங்கள். சட்டியின் வாயைக் கண்ணாடித் துண்டாலோ தெளிவான பொலித்தீனாலோ மூடி வெளிச்சமான நிழலில் வையுங்கள். புதிய விதை என்றால் ஒன்றிரண்டு கிழமையில் முளைக்கத் தொடங்கும். முதலில் இரண்டு தடித்த விதையிலை விரியும், அவற்றின் நடுவே குண்டூசித் தலையளவில் உருண்டை எழும்பும். முளை கண்டதும் மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து காற்றுக்குப் பழக்க வேண்டும். மூடியே வைத்திருந்தால் ஒரே இரவில் அடி கருகிச் சரிந்துவிடும்.

நாற்றுகளுக்கு மட்டும் நான் மேலே சொன்ன பட்டினி விதி பொருந்தாது. முதல் வருடத்தில் அவற்றின் உடம்பில் சேமிப்பு இல்லை. முதல் மாரியிலும் பத்து நாளுக்கு ஒருமுறையாவது, வெயில் எறிக்கும் நாளாகப் பார்த்து, சட்டியின் ஓரமாகக் கொஞ்சம் தண்ணீர் காட்ட வேண்டும். இரண்டாம் மாரியிலிருந்து பெரிய செடிகளோடு சேர்த்துவிடலாம். அதே வருடம் தயிர்ச்சட்டியிலிருந்து ஆழமான மட்சாடிக்கு மாற்றிவிடுங்கள், ஏனென்றால் ஆணிவேர் இறங்கத் தொடங்கியிருக்கும். மாற்றும்போது கழுத்து மண்ணுக்கு மேலே நிற்க வேண்டும், சுற்றிவரச் சல்லி போட்டால் அடி ஈரத்தில் படாது. உரம் என்றால் கச்சான் மாதங்களில் மிக நீர்த்த அளவில் ஒன்றிரண்டு முறை, அவ்வளவுதான். விரைந்து பருத்தால் உடம்பு வெடித்துவிடும்.

லித்தொப்ஸ், கொனோபைற்றம் போன்ற மற்றக் குட்டைச் செடிகளையும் இங்கே வளர்க்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. லித்தொப்ஸ் மிகுந்த கவனத்தோடு சில வருடம் நிற்கும். கொனோபைற்றத்தை நான் யாருக்கும் பரிந்துரைக்கமாட்டேன். குளிர்கால மழையில் வளர்ந்து குளிர்ந்த இரவுகளுக்குப் பழகிய செடி அது, நம் வைகாசி இரவின் புழுக்கத்தில் அவிந்துவிடும். அதோடு அண்மை வருடங்களில் தென்னாபிரிக்காவில் அதைத்தான் மூட்டை மூட்டையாகக் களவாடுகிறார்கள். சூட்டோடு ஈரத்தை விரும்பும் ஒபேசாதான் நமக்குச் சரி.

இப்போது என்னிடம் பூக்கும் வயதில் ஆணும் பெண்ணும் இருக்கின்றன, ஆண் செடிகள்தான் கூட. கிழக்கிலும் யாழ்ப்பாணத்திலும் தனியாக ஒரு பெண் செடியை வைத்துக்கொண்டு வருடாவருடம் பூ வீணாகப் போவதைப் பார்ப்பவர்கள் சிலரை எனக்குத் தெரியும். மாசி பிறந்ததும் பூ தொடங்கும். சாடியை ஒரு பெட்டிக்குள் கடதாசி அடைத்து வைத்தால் பஸ்ஸில் தாராளமாகக் கொண்டுவரலாம், காய் பிடிக்கும்வரை என் தட்டில் இருக்கட்டும். விதையில் பாதி செடிக்காரருக்கு, பாதி எனக்கு. என் பங்கில் முளைப்பதில் சிலதை அடுத்து வருகிறவருக்குக் கொடுப்பேன்.